மாடுலர் வீடா, ஏற்கெனவே கட்டிய வீடா? முதலில் நிலத்தைப் பாருங்கள்

வீடு தேடுபவர்களின் பேச்சில் ஒரு ஒப்பீடு அடிக்கடி வருகிறது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் மாடுலர் வீட்டுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். அதே பரப்பளவில் ஏற்கெனவே ஒருவர் கட்டிக் குடியிருந்த வீட்டுக்கு அதைவிட மிக அதிகமாகக் கேட்கிறார்கள். அப்புறம் எதற்குப் பழைய வீடு என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த இரண்டு விலைகளும் ஒரே பொருளுக்கானவை இல்லை. முதலாவது பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும். இரண்டாவதில் நிலம், அஸ்திவாரம், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, வீட்டுக்கு வரும் பாதை எல்லாம் அடக்கம். இதைக் கவனிக்காமல் முன்பணம் கட்டிவிட்டு, வேலை பாதியில் நிற்கும்போது திண்டாடுகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், பெட்டி பெட்டியாக வரும் வீடு எத்தனை வருஷம் தாங்கும் என்று பயந்து, தங்களுக்கு நன்றாகப் பொருந்தியிருக்கக்கூடிய வாய்ப்பைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. மாடுலர் வீடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு தவறும் குறையும்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டில் எது சரி என்பதைப் பெரும்பாலும் நிலம்தான் முடிவு செய்கிறது. பிளானும் அழகும் அதற்கு அப்புறம்தான். ஏன் அப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

## ஒரு அலமாரி வாங்குவதிலிருந்து தொடங்கலாம்

வீட்டுக்கு ஒரு பெரிய மர அலமாரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தச்சரை வரவழைத்து அறையிலேயே செய்யச் சொல்லலாம். இல்லாவிட்டால் பட்டறையில் செய்து முடித்ததை வாங்கி வரலாம்.

பட்டறை அலமாரி சீராக இருக்கும். அங்கே நல்ல இயந்திரங்கள் உண்டு, தினமும் அதே வேலையைச் செய்து கை பழகிய ஆட்கள் உண்டு. ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் வேறு சில விஷயங்கள் தெரியவரும். மாடிப்படி வளைவில் அது திரும்ப வேண்டும், வாசலுக்குள் நுழைய வேண்டும். ரொம்பப் பெரிது என்றால் இரண்டு துண்டாகக் கொண்டுவந்து அறைக்குள் சேர்த்து முடுக்க வேண்டும். தரை மட்டமாக இல்லாவிட்டால் கதவு சரியாக மூடாது. வண்டி வாடகையும் தூக்குக்கூலியும் தனி. செய்து முடித்த பிறகு இன்னொரு தட்டு வேண்டும் என்று கேட்டால் நடக்காது.

மாடுலர் வீட்டின் நன்மைகளும் சிக்கல்களும் இதே இடங்களில்தான் இருக்கின்றன. சாலையில் போகக்கூடிய அளவு, துண்டுகள் சேரும் இடம், அடித்தளத்தின் மட்டம், கொண்டுவரும் செலவு, எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டிய கட்டாயம். ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்குவது, யாரோ செய்து சுவரோடு பொருத்திவிட்ட அலமாரியை அப்படியே எடுத்துக்கொள்வது. கண்ணால் பார்த்து வாங்கலாம். பின்பலகையைக் கரையான் தின்றிருக்கிறதா என்பது மட்டும் வெளியே தெரியாது.

## தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது

தரை, சுவர்கள், மேல்தளம் எல்லாம் சேர்ந்த பெட்டிகளாகத் தொழிற்சாலையில் செய்து, நிலத்தில் தயாராக இருக்கும் அஸ்திவாரத்தின் மேல் இறக்கிப் பொருத்தும் நிரந்தர வீட்டைத்தான் மாடுலர் வீடு என்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்கும் மாட்யூல் என்று பெயர். சின்ன வீடு இரண்டு மாட்யூலில் முடிந்துவிடும். மாடி வைத்த வீட்டுக்கு நான்கு, ஆறு என்று போகும்.

முதலில் தரைச் சட்டம் தயாராகும். அதன் மேல் சுவர்கள் நிற்கும், பிறகு மேல்தளம் வரும். வயரிங், தண்ணீர்க் குழாய், வெப்பக் காப்பு எல்லாம் சுவர்களை மூடுவதற்கு முன்பே உள்ளே போகும். ஜன்னல், கதவு, குளியலறைத் தொட்டி, சமையலறை மேடை வரை பெரும்பாலான வேலை அங்கேயே முடிந்துவிடும். சுவரை மூடிவிட்டால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது என்பதால், பரிசோதகர் தொழிற்சாலைக்கே வந்து பார்த்துச் சான்று தருவது பல நாடுகளில் நடைமுறை.

கூரைக்குக் கீழே வேலை நடப்பதால் மரச்சட்டங்கள் மழையில் நனைவதில்லை. அளவுகள் துல்லியமாக வருகின்றன, வெட்டி வீணாகும் பொருளும் குறைகிறது. ஆனால் நேரம் மிச்சமாவதற்குப் பெரிய காரணம் வேறு. தொழிற்சாலையில் பெட்டிகள் தயாராகும் அதே வாரங்களில், நிலத்தில் அஸ்திவார வேலையும் நடக்கிறது. வழக்கமான முறையில் அஸ்திவாரம் முடிந்த பிறகுதான் சுவர் எழும். இங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

அடுத்தது பயணம். ஒரு மாட்யூல் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதைச் சாலைதான் தீர்மானிக்கிறது. மரச்சட்ட மாட்யூல்கள் பொதுவாக 12 முதல் 16 அடி அகலத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். அதைவிட அகலமான கூடம் வேண்டும் என்றால் இரண்டு மாட்யூல்களைப் பக்கவாட்டில் சேர்த்து, நடுச் சுவரை விட்டுவிட்டு மேலே உத்திரம் வைக்க வேண்டும். உயரத்துக்கும் வரம்பு உண்டு, வழியில் பாலங்கள் இருக்கின்றனவே. அதனால்தான் பல மாடுலர் வீடுகளின் சரிவுக் கூரை கீல் வைத்து மடித்த நிலையில் வருகிறது. நிலத்தில் இறக்கிய பிறகு அதை விரித்து நிமிர்த்துவார்கள்.

கிரேன் வந்து மாட்யூல்களை இறக்குவதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். காலையில் வெறும் அஸ்திவாரமாக இருந்த இடத்தில் மாலையில் வீடு நிற்கும். இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் ஒரே நாளில் வீடு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அதன் பிறகும் வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. மாட்யூல்கள் சேரும் கோட்டில் வயர்களையும் குழாய்களையும் இணைக்க வேண்டும். உள்சுவரில் அந்த இணைப்பு தெரியாமல் பூசி வர்ணம் அடிக்க வேண்டும். வெளிச்சுவரும் கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். படிக்கட்டு, முன்தாழ்வாரம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் பெரும்பாலும் நிலத்திலேயே கட்டப்படுபவை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். கட்டடத்தின் பெரும்பகுதி தொழிற்சாலையில் உருவாகிறது. அஸ்திவாரமும் இணைப்பு வேலைகளும் நிலத்தில் நடக்கின்றன. சாலையும் கிரேனும் அனுமதிக்கும் அளவுக்குள்தான் வடிவமைப்பு.

## தொழிற்சாலையில் செய்தது எல்லாம் மாடுலர் இல்லை

குழப்பம் அதிகமாக இருக்கும் இடம் இது. ஆயத்த வீடு என்ற பொதுப் பெயருக்குள் பல வகைகள் அடங்கும். சுவர்களை மட்டும் தட்டையான பலகைகளாகச் செய்து கொண்டுவந்து நிலத்தில் நிறுத்துவது ஒரு வகை. அது பேனல் வீடு. ஸ்வீடனில் தனி வீடுகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் தயாரானவை, அவற்றில் இந்தப் பேனல் முறைக்குப் பெரிய பங்கு உண்டு. வெட்டித் தயாராக்கிய மரத்துண்டுகளை மொத்தமாக அனுப்பி, வாங்கியவரே கட்டிக்கொள்ளும் முறை இன்னொன்று. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அப்படித் தபால் வழியாக ஆர்டர் வாங்கி வீடுகளை விற்றது. பெட்டி பெட்டியாகச் செய்யும் மாடுலர் முறையை ஜப்பானின் சேகிசுய் ஹெய்ம் நிறுவனம் 1970களின் தொடக்கத்திலிருந்து பெரிய அளவில் நடத்திவருகிறது.

இவற்றோடு கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று, அமெரிக்காவில் மொபைல் ஹோம் என்று மக்கள் சொல்லும் வீடு. அது நிரந்தரமான இரும்புச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டு, அந்தச் சட்டகத்தோடேயே வந்து சேர்வது. அங்கே 1976 ஜூன் 15 முதல் அதற்கென்று தனி மத்திய அரசு விதிகள் இருக்கின்றன. மாடுலர் வீட்டுக்கு அந்த விதிகள் பொருந்தாது. அது எந்த ஊரில் நிற்கப் போகிறதோ, அந்த ஊரில் செங்கல்லோ மரமோ வைத்துக் கட்டும் வீட்டுக்கு உள்ள அதே கட்டட விதிகளுக்கு உட்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். கடன், காப்பீடு, மறுவிற்பனை மூன்றிலும் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. ஆகவே யாராவது ஒரு விலையைச் சொன்னால், அது எந்த வகை வீட்டின் விலை என்று முதலில் கேளுங்கள்.

## பலமாக இருக்குமா

இருக்கும். அதற்குக் காரணமும் எளிது. ஒரு மாட்யூல் வீடாக நிற்பதற்கு முன்னால் டிரெய்லரில் நெடுஞ்சாலையில் ஓட வேண்டும், கிரேனில் தொங்க வேண்டும். அந்தக் குலுக்கலைத் தாங்குவதற்காகவே சட்டங்களை ஆணியோடு பசையும் வைத்து இறுக்குகிறார்கள், கூடுதல் மரமும் சேர்க்கிறார்கள். தவிர, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவர் இருப்பதால் இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் இரட்டைச் சுவர் கிடைக்கிறது. மாடி வீட்டில் கீழ்ப்பெட்டியின் மேல்தளமும் மேல்பெட்டியின் தரையும் தனித்தனி. மாடியில் நடக்கும் சத்தம் கீழே குறைவாகக் கேட்பது இதனால் கிடைக்கும் கூடுதல் பலன்.

1992ல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமா சேதங்களை ஆராய்ந்தது. வழக்கமான மரச்சட்ட வீடுகளைவிட மாடுலர் வீடுகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன என்றும், பெட்டிகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததே அந்த விறைப்பைக் கொடுத்தது என்றும் அது பதிவு செய்தது. அதே புயலில் மொபைல் ஹோம்கள் நொறுங்கின. அவற்றுக்கான காற்றுத் தாங்கும் விதிகள் 1994ல் கடுமையாக்கப்பட்டன. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் மாடுலர் வீட்டுக்கு வேண்டாத கெட்ட பெயர் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பலவீனம் எங்கே வரலாம் என்றால், இணைப்புக் கோட்டில். அஸ்திவாரம் அங்குலக் கணக்கில் கோணினால்கூட மேலே பெட்டிகள் சரியாகச் சேராது. பிறகு விரிசலும் நீர்க்கசிவும் அந்தக் கோட்டில்தான் தொடங்கும். ஆக, தொழிற்சாலையைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு, அஸ்திவாரம் போடுகிறவரையும் மாட்யூல்களைப் பொருத்துகிற குழுவையும் பற்றி விசாரிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

## கட்டிய வீட்டை வாங்கும்போது எதை வாங்குகிறோம்

கட்டிய வீட்டின் விலையில் நாலு சுவரும் கூரையும் ஒரு பங்குதான். மீதி நிலத்துக்கும், அந்த நிலம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் வசதிகளுக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, கழிவுநீர் எங்கோ போகிறது. இவற்றை வெறும் நிலத்தில் உண்டாக்க எவ்வளவு செலவாகும் என்பது, செய்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். மெயின் ரோட்டிலிருந்து நிலம் தள்ளியிருந்தால் மின்கம்பம் நட வேண்டும், குழாய் பதிக்க வேண்டும். பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் கட்ட வேண்டும். மண் நீரை உறிஞ்சும் தன்மை சரியில்லை என்றால் அதற்கும் அனுமதி கிடைக்காது.

வேறு பலவற்றையும் கட்டிய வீடு முன்கூட்டியே காட்டிவிடும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிறதா, பக்கத்து வீட்டார் எப்படி, மதியம் எந்த அறையில் வெயில் அடிக்கிறது, இரவில் எவ்வளவு இரைச்சல் என்று நேரில் போய்ப் பார்க்கலாம். காலி நிலத்தில் கட்டப்போகும் வீட்டைப் பற்றி இவற்றில் பாதியை ஊகிக்கத்தான் முடியும்.

## சுவருக்குள் இருப்பவை

சரி, கட்டிய வீட்டில் சிக்கல் என்ன? அதன் கடந்த காலம் முழுவதும் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் இருக்கிறது. ஒரு வீட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. தார் ஓடு போட்ட கூரை சுமார் 20, 30 வருஷம் தாங்கும். பழைய கால்வனைஸ்டு இரும்புக் குழாய்கள் உள்ளுக்குள் துருப்பிடித்துப் பாதை சுருங்கிக்கொண்டே போகும், வெளியே பளபளப்பாகத் தெரியும். பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட வயரிங்கில் எர்த் கம்பி இல்லாமல் இருக்கலாம், அல்லது இன்றைய மின்சாதனங்களின் சுமையை அது தாங்காது. பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சுவர் வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈய வர்ணம் 1978ல் தடை செய்யப்பட்டது, பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் 1999ல் முழுமையாகத் தடையானது. அதற்கு முந்தைய வீடுகளில் சுவரை இடிப்பதற்கு முன்பு சோதிப்பது அவசியம்.

வாங்குவதற்கு முன் கட்டடப் பரிசோதகரைக் கூட்டிப்போவது இதற்காகத்தான். ஆனால் அவரும் சுவரை உடைத்துப் பார்க்கமாட்டார். கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளை வைத்துத்தான் சொல்வார்: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சுவரின் அடியில் ஓதம், மரத்தைத் தட்டினால் வெற்றுச் சத்தம். அவருடைய அறிக்கை சந்தேகங்களின் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு, பெரிய சந்தேகங்களுக்கு மட்டும் எலக்ட்ரீஷியனையோ கட்டடப் பொறியாளரையோ தனியாக அழைப்பது நல்லது.

காகிதத்திலும் கடந்த காலம் இருக்கிறது. பத்திரம், வில்லங்கம் பார்ப்பதோடு, பின்பக்கம் பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறைக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். அனுமதி இல்லாத அறையை வாங்கினால் பிரச்சினையும் கூடவே வாங்கியதாகிவிடும்.

இப்போது ஒரு சின்னச் சுருக்கம். மாடுலர் வீட்டில் கட்டடம் முழுவதும் தெரிந்ததுதான், தெரியாதது நிலம். கட்டிய வீட்டில் நிலமும் சுற்றுப்புறமும் தெரிந்தவை. தெரியாதது கட்டடத்தின் உள்பக்கம். இரண்டிலும் ஆபத்து உண்டு, அது இருக்கும் இடம்தான் வேறு.

## விலையைச் சரியாக ஒப்பிடும் வழி

நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு எண். சாவியைக் கையில் வாங்கி, பாத்திரம் பண்டங்களோடு குடியேறும் நாள் வரை மொத்தம் எவ்வளவு செலவாகும் என்ற எண். இரண்டு வீடுகளுக்கும் இந்த எண்ணைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

மாடுலர் வீட்டுக்கான எண்ணில் தொழிற்சாலை விலையோடு நிலத்தின் விலை, மண் பரிசோதனை, நிலத்தைச் சமப்படுத்துவது, அஸ்திவாரம், வண்டிச் செலவு, கிரேன் வாடகை, பொருத்தும் கூலி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகள், கட்டட அனுமதிக் கட்டணம், பெட்டிகள் சேர்ந்த பிறகு செய்யும் பூச்சு வேலை, பாதை எல்லாம் சேர வேண்டும். வீடு தயாராகும் வரை குடியிருக்கும் இடத்தின் வாடகையையும் சேருங்கள்; இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கட்டிய வீட்டுக்கான எண்ணில் பதிவுச் செலவும், பரிசோதனைக் கட்டணமும், குடியேறுவதற்கு முன் செய்தே ஆக வேண்டிய பழுதுகளும் வர வேண்டும். அடுத்த ஐந்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டிய கூரை, குழாய் போன்றவற்றையும் சேர்ப்பதுதான் நியாயம். புது வீட்டுக்கு அந்தச் செலவு இப்போதைக்கு இல்லையே.

தொழிற்சாலையில் செய்தால் மலிவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரியான பெட்டியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் தொழிற்சாலைக்குச் செலவு குறைகிறது. 1967 உலகப் பொருட்காட்சிக்காகக் கனடாவின் மாண்ட்ரியலில் கட்டப்பட்ட ஹாபிடாட் 67 குடியிருப்பு இதற்கு நல்ல உதாரணம். மோஷே சாஃப்டி வடிவமைத்த அந்தக் கட்டடத்தில் 354 கான்கிரீட் மாட்யூல்களை அடுக்கி 158 வீடுகள் அமைத்தார்கள். முதலில் திட்டமிட்டது இதைவிட எவ்வளவோ பெரியது. அதைச் சுருக்கிய பிறகு, பெட்டி செய்யும் ஏற்பாடுகளுக்கான செலவு முழுவதும் அந்தச் சில நூறு பெட்டிகள் மேல் விழுந்தது. தனி ஆளுக்கும் இதே கணக்குதான். நிறுவனம் வழக்கமாகச் செய்யும் பிளானை எடுத்துக்கொண்டால் மிச்சம் கிடைக்கும். ஜன்னலை இங்கே மாற்றுங்கள், சுவரை அங்கே தள்ளுங்கள் என்று கேட்கக் கேட்க அந்த மிச்சம் கரைந்துபோகும்.

## பணம் எப்போது கை மாறுகிறது

இதைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் பெரிய இழப்புகள் இங்கேதான் நேர்கின்றன.

கட்டிய வீடு என்றால் விஷயம் நேர். வீடு கண்முன் நிற்கிறது, வங்கி அதை மதிப்பிட்டு அடமானமாக எடுத்துக்கொண்டு கடன் தருகிறது. பணம் போகும் நாளில் வீடு உங்கள் பெயருக்கு வருகிறது.

மாடுலர் வீட்டில் பணம் முதலில் போகிறது, வீடு பிறகு வருகிறது. மாட்யூல் தொழிற்சாலையில் இருக்கும் வரை அது ஒரு அசையும் பொருள். அஸ்திவாரத்தில் பொருத்திய பிறகுதான் நிலத்தோடு சேர்ந்து அசையாச் சொத்தாகிறது. அதனால் அதுவரை அதை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும். தொழிற்சாலையோ பொருள் வாங்க முன்பணம் கேட்கும், வண்டி கிளம்புவதற்கு முன் பெரும்பகுதியைக் கேட்கும். வேலை நகர நகரத் தவணையாகப் பணம் விடும் கட்டுமானக் கடன்தான் இதற்கான வழக்கமான ஏற்பாடு. அந்தத் தவணைகளும் தொழிற்சாலை கேட்கும் தேதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஒத்துப்போகாத இடைவெளியை உங்கள் கைப்பணம்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

நடுவில் நிறுவனமே மூடிவிட்டால்? இது வெறும் கற்பனை இல்லை. தொழிற்சாலைக் கட்டுமானத்தில் பெரும் முதலீட்டோடு இறங்கிய அமெரிக்காவின் கட்டேரா 2021ல் திவாலானது. பிரிட்டனில் மாடுலர் வீடுகள் செய்த இல்கி ஹோம்ஸ் 2023ல் நொடித்துப்போனது. தொழிற்சாலைக்கு ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டடம், இயந்திரம், சம்பளம் என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்டர் கொஞ்சம் தளர்ந்தாலும் தள்ளாட்டம் வந்துவிடும். எனவே முன்பணத்துக்குக் காப்பீடோ வங்கி உத்தரவாதமோ உண்டா, பணம் மூன்றாமவர் கணக்கில் வைத்து விடுவிக்கப்படுமா, செய்து முடித்த மாட்யூலின் உரிமை எந்தக் கட்டத்தில் உங்களுக்கு மாறுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தை, வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் விட்டுவிடச் சொல்வேன்.

## யாருக்கு எது பொருந்தும்

உங்களிடம் ஏற்கெனவே நிலம் இருக்கிறது, இணைப்புகள் எல்லைவரை வந்திருக்கின்றன, பெரிய டிரெய்லரும் கிரேனும் வந்து நிற்க இடம் இருக்கிறது, பிளானை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்றமாட்டீர்கள் என்றால், மாடுலர் வீடு மிக நல்ல தேர்வு. கட்டுமான ஆட்கள் கிடைக்காத ஒதுக்குப்புற இடங்களிலும், பனியோ மழையோ வருஷத்தில் பாதி நாள் வேலையை நிறுத்திவிடும் இடங்களிலும் அதற்கு ஈடு இல்லை.

குறுகிய சந்துக்குள் இருக்கும் மனை, தலைக்கு மேல் மின்கம்பிகள் குறுக்கே ஓடும் தெரு, செங்குத்தான சரிவு என்றால் மாடுலரை யோசிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். முடியாது என்று சொல்ல முடியாது, ஆனால் மிச்சமாகும் பணத்தைக் கிரேனும் அஸ்திவாரமும் விழுங்கிவிடும். குறிப்பிட்ட பள்ளிக்கோ வேலைக்கோ பக்கத்தில்தான் இருக்க வேண்டும், அங்கே காலி மனையே கிடையாது என்றால் கட்டிய வீடுதான் வழி. சீக்கிரமாகக் குடியேற வேண்டியவர்களுக்கும் அதுவே. தொழிற்சாலை வேகமாக வேலை செய்தாலும் நிலம் தேடுவது, அனுமதி வாங்குவது, கடன் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும்.

பிற்காலத்தில் விற்கும்போது மாடுலர் வீட்டுக்கு விலை போகாது என்று சொல்கிறார்களே? எந்த முறையில் கட்டினாலும் கட்டடம் காலத்தோடு தேய்வதுதான். விலை ஏறுவது பெரும்பாலும் நிலத்துக்கு. நிரந்தர அஸ்திவாரத்தில், உள்ளூர் விதிப்படி, முறையான சான்றுகளோடு நிற்கும் மாடுலர் வீட்டை மற்ற வீடுகளைப் போலவே மதிப்பிடுகிற ஊர்கள் உண்டு. சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். வாங்க வருகிறவருக்கு, இது மொபைல் ஹோம் இல்லை என்று காட்ட அவைதான் ஆதாரம்.

## இரண்டையும் சேர்க்கும் வழி

பலரும் யோசிக்காத ஒரு வழியும் இருக்கிறது. நல்ல இடத்தில், கட்டடம் மோசமான நிலையில் இருக்கும் பழைய வீட்டை வாங்கி, அதை இடித்துவிட்டு அங்கே மாடுலர் வீடு வைப்பது. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும்; சுற்றுப்புறமும் தெரிந்திருக்கும். நிலம் பற்றிய சந்தேகம், பழைய சுவர் பற்றிய சந்தேகம் இரண்டும் ஒரே நேரத்தில் குறைகின்றன. பழைய கட்டடம் திடமாக இருந்தால் இடிக்காமல், பின்பக்கம் ஒரு மாட்யூலைச் சேர்த்துப் பெரிதாக்குவதும் உண்டு. நின்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்குச் செலவான சிமென்ட்டும் இரும்பும் வீணாகாமல் இருப்பதால் இந்த இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிக்கும்.

இடிக்கும் வழியில் போனால் கணக்கில் இடிப்புச் செலவும், ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதை அகற்றும் செலவும் சேரும். பழைய கழிவுநீர்க் குழாயையே புது வீட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இடிப்பதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். பழைய வீடு அந்தக் காலத்து விதிப்படி எல்லையை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கலாம். அது நிற்கும் வரை பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். இடித்துவிட்டால் புது வீட்டுக்கு இன்றைய விதிதான், நாலு பக்கமும் இடம் விட்டாக வேண்டும். அப்படி விட்ட பிறகு மிஞ்சும் நிலத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த மாட்யூல் அடங்குமா என்பதை அளந்து பார்த்த பின்பு இடிக்கலாம்.